அத்தியாயம் 5: மருந்துக்கு முன்னால் நீர்மட்டம்

நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை எதைப் போட்டுச் சரிசெய்யலாம்?" பாக்டீரியா, இரும்புத்தூள், வெல்லப்பாகு, யாரோ ஒரு வியாபாரி கொடுத்துவிட்டுப் போன பவுடர் விளம்பரம் என்று கையில் ஒரு பட்டியலும் இருக்கும். அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயத்தில் பதில் உண்டு, ஆனால் பாதி தாண்டிய பிறகுதான் வரும். மண்ணுக்குள் போடுகிற மருந்தை மாசு இருக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது தண்ணீர். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லத் தெரியாதவர் எதைக் கொட்டினாலும் காசு மண்ணில் போகும். ஆகவே பயிற்சியை நாம் ஒரு டேப்பில் தொடங்குகிறோம்.

உதாரணத்துக்கு ராணிப்பேட்டையை வைத்துக்கொள்வோம். அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களில் மூடப்பட்டது. வட்டாரத்துத் தோல் தொழிலுக்குத் தேவையான குரோமிய உப்புகளைச் செய்த ஆலை. குரோமைட் தாதுவைச் சலவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, நீரில் கரைவதை எடுத்துக்கொண்டு, மிச்சச் சக்கையை வளாகத்துக்குள்ளேயே கொட்டினார்கள். ஆலை நின்ற பிறகும் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கை அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வடியும். 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. தென்பக்கம் சற்றுத் தள்ளிப் பாலாறு.

அந்த மஞ்சள் நிறம் குரோமியம்-6. நீரில் நன்றாகக் கரையும், நீரோடு சேர்ந்து நகரும், மூச்சில் தூசாகப் போனால் புற்றுநோய் உண்டாக்கும். அதே உலோகத்தின் இன்னொரு நிலையான குரோமியம்-3, சாதாரண மண்ணின் கார அமில அளவில் படிந்து, போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நச்சும் மிகக் குறைவு. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஆறாம் நிலையை மூன்றாம் நிலைக்கு இறக்குவதுதான் குரோமியச் சுத்திகரிப்பின் சூத்திரம் மொத்தமும். பிளஸ் டூ வேதியியல் போதும் என்று தோன்றும். எங்கே இறக்குவது, எவ்வளவு ஆழத்தில், எத்தனை வருஷத்துக்கு என்பதில்தான் வேலை இருக்கிறது.

மூன்று கிணறு, ஒரு டேப்

முதல் பாடத்துக்கு நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகள் வேண்டும். ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரிலும் ஒரு புள்ளிக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள். இனி எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளவு. அந்தப் புள்ளிகளின் உயரத்தை ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரைக் கொண்டு எடுத்துவிடுங்கள். செல்போன் காட்டும் உயரம் உதவாது. அதில் பல மீட்டர் பிழை வரும், நமக்குத் தேவை சென்டிமீட்டர் கணக்கு.

அளக்கும் நாளில் சுற்றிலும் உள்ள மோட்டார்கள் நின்றிருக்க வேண்டும். இறைத்துக்கொண்டிருக்கும் கிணற்றின் நீர்மட்டம் அந்த மோட்டாரைப் பற்றித்தான் சொல்லும், பூமியைப் பற்றிச் சொல்லாது. விவசாயக் கிணறுகள் உள்ள ஊரில் த்ரீ பேஸ் கரன்ட் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் மூன்றையும் ஒரே காலையில் அளந்து முடியுங்கள். நீர் தொட்டால் பீப் அடிக்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எடை கட்டிய ஸ்டீல் டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். எதுவரை நனைந்தது என்று சாக்பீஸே காட்டும்.

பயிற்சிக்காக இப்படி எண்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கிணற்றின் புள்ளி 162.40 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 7.15 மீட்டர் கீழே. இரண்டாவது 161.10 உயரம், 5.20 கீழே. மூன்றாவது 160.85 உயரம், 6.60 கீழே. டேப்பை மட்டும் பார்த்தவர் முதல் கிணற்றில்தான் தண்ணீர் ஆகத் தாழ்ந்திருக்கிறது என்பார். கழித்துப் பாருங்கள்: 155.25, 155.90, 154.25. தாழ்ந்திருப்பது மூன்றாவது, முதலாவது நடுவில் இருக்கிறது.

இப்போது இரண்டையும் மூன்றையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இடைத்தூரம் 330 மீட்டர், நீர்மட்ட வித்தியாசம் 1.65 மீட்டர். முதல் கிணற்றின் மட்டமான 155.25, இந்தக் கோட்டில் எங்கே விழும்? இரண்டாவது கிணற்றிலிருந்து 0.65 மீட்டர் இறங்கிய இடத்தில். அதாவது 130 மீட்டர் தொலைவில். அந்த இடத்தையும் முதல் கிணற்றையும் இணைத்தால் கிடைப்பது சம நீர்மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, மூன்றாவது கிணற்றின் பக்கமாகப் போடும் அம்புக்குறிதான் தண்ணீர் போகும் திசை. நிலத்தடியில் மாசு நீண்டு பரவிக் கிடக்கும் பகுதியைத் தொழிலில் ப்ளூம் என்பார்கள். அது இந்த அம்பின் போக்கில்தான் நீளும் என்று எதிர்பார்க்கலாம்.

எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். பாடநூல் அம்பு மணலில் அழகாக வேலை செய்யும். ராணிப்பேட்டை வட்டாரம் கடினப் பாறை. மேலே சில மீட்டருக்குச் சிதைந்த பாறையும் மண்ணும், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும் தண்ணீர். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் மாசு ஓடும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நன்றாக இருக்க, அதைத் தாண்டியுள்ள போர் மஞ்சளாக வரலாம். ஊர்க்காரர்கள் இதைச் சொன்னால் தட்டிக்கழிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போர் போட்ட வண்டிக்காரரிடம் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஊற்று என்று கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் நிலத்தடிப் பாறை பற்றி எழுதப்படாமல் இருக்கும் ஒரே ஆவணம் அவருடைய ஞாபகம்தான். அதோடு, இந்த அளவீட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் மழை ஓய்ந்த ஜனவரியிலும் எடுங்கள். கோடையில் இறைப்பு கூடும்போது அம்பு திரும்பிவிடுவதும் உண்டு.

பாட்டிலில் பிடிப்பது

நீர் மாதிரி எடுப்பதை ஆபீஸ் பையனை அனுப்பி முடிக்கும் வேலையாகப் பல இடங்களில் நினைக்கிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, வெயிலில் பைக்கில் வைத்து, நாலு நாள் கழித்து லேபுக்குப் போகும் தண்ணீரின் ரிப்போர்ட்டை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிஷத்தில் கிழித்துவிடுவார். அவர் செய்வதும் சரிதான்.

குரோமியத்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். மொத்த உலோகத்துக்கான பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலநிலையை (பி.எச்.) இரண்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் ஆறு மாதம் வரை தாங்கும். குரோமியம்-6 பாட்டிலில் அந்த அமிலத்தைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் ஆறாம் நிலை மூன்றாம் நிலையாக இறங்கி, கிணற்றில் இருந்த நஞ்சு காகிதத்தில் காணாமல் போகும். இந்தப் பாட்டிலுக்கு, கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஆகவே மாதிரி எடுக்கக் கிளம்பும் முன் லேபுக்குப் போன் போட்டு, நாளை அவர்கள் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். சனிக்கிழமை எடுத்த மாதிரி திங்கட்கிழமை செத்துப்போயிருக்கும்.

பெட்ரோல், டீசல் கசிவு என்றால் விதி வேறு. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டு போர்களில் எரிபொருள் வந்ததே, அந்த வகை. அங்கே பென்சீன் போன்றவை காற்றில் பறந்துவிடும் என்பதால் 40 மில்லி கண்ணாடிக் குப்பியை ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் மறுபடி பிடியுங்கள்.

ஓடாத போரில் நிற்கும் தண்ணீர் பழைய தண்ணீர். அதை வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். பழைய முறைப்படி குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு இறைப்பார்கள். ஆறு அங்குல போரில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 530 லிட்டர். மூன்று மடங்கு என்றால் 1,600 லிட்டர். அந்தக் கெட்ட தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? இதனால்தான் 1990-களில் மெதுவாக இறைக்கும் முறை பரவியது. நிமிஷத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மட்டும் எடுத்து, சில நிமிஷ இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் அமிலநிலை 0.1-க்குள்ளும் மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றுவிட்டால் பூமியின் தண்ணீர் வருகிறது என்று பொருள். அப்போது பாட்டிலை நீட்டுங்கள். தினமும் ஓடும் வீட்டு மோட்டாராக இருந்தால் இவ்வளவு வேண்டாம். மேல்தொட்டிக்குப் போகும் முன் உள்ள குழாயில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடித்தால் போதும். தொட்டித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள்.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, லேபுக்குச் சொல்லாமல் வேறு பெயரில் அனுப்புங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துவந்தால் அந்த லேபை நம்பலாம். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று கையெழுத்தோடு ஒரு தாள் பாட்டிலோடு பயணம் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பாட்டில் விழுந்தாலும், டேப் சிக்கினாலும், இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்பது கருவி இல்லாமல் தெரியாது. இறங்கியவரும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே சாகிறார்கள். குரோமியச் சக்கை மேட்டில் செருப்போடு நடப்பதும், காற்றடிக்கும் பகலில் முகமூடி இல்லாமல் தோண்டுவதும் இதே ரகம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக வேலை செய்கிறவர் 40 மணி நேரப் பயிற்சியும் மேற்பார்வையில் மூன்று நாள் களப்பணியும் முடித்தாக வேண்டும், பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேரம் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம்.

இனி மருந்து

வட கரோலினா மாநிலம் எலிசபெத் சிட்டியில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே குரோமிய முலாம் பூசும் பட்டறையின் தரைக்குக் கீழே குரோமியம்-6 இறங்கி ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996-இல் அதன் வழியில் 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் பள்ளம் எடுத்து இரும்புத்தூளால் நிரப்பினார்கள். தண்ணீர் தானாக அதன் வழியே ஓடுகிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது குரோமியம்-6 மூன்றாக இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. இந்தச் சுவர் வெற்றி பெற்றதற்குக் காரணம் இரும்பை விடத் திசை. அம்பு எங்கே போகிறது என்று முன்பே துல்லியமாகத் தெரிந்திருந்தது, மண் மணலாக இருந்தது. வெடிப்புப் பாறையில் இதே சுவரைக் கட்டினால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும்.

கலிபோர்னியாவின் ஹிங்க்லி இன்னொரு பாடம். பி.ஜி. அண்ட் இ. நிறுவனத்தின் எரிவாயு அழுத்த நிலையத்திலிருந்து 1952 முதல் 1966 வரை குரோமியம் கலந்த குளிர்விப்பு நீரை மண்ணில் விட்டார்கள். வழக்கு 1996-இல் 33.3 கோடி டாலருக்கு முடிந்தது, சினிமாவாகவும் வந்தது. படம் முடிந்த பிறகும் சுத்திகரிப்பு முடியவில்லை. அங்கே எத்தனாலைப் பூமிக்குள் செலுத்துகிறார்கள். மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று பிராணவாயுவைத் தீர்த்துவிட, குரோமியம் தானாக இறங்குகிறது. வெல்லப்பாகு போடுவதன் தத்துவமும் இதுதான். ப்ளூமின் தண்ணீரை இறைத்துக் குதிரைமசால் பயிருக்கும் பாய்ச்சுகிறார்கள். வேர்மண்டலத்தில் அதே மாற்றம் நடக்கிறது. ஆனால் பிராணவாயு தீர்ந்த மண்ணிலிருந்து மாங்கனீசும் ஆர்சனிக்கும் கரைந்து வரத் தொடங்கும். ஆகவே வெல்லப்பாகு விற்க வருகிறவரிடம், "ஆர்சனிக்கை யார் அளப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டைச் சக்கை போன்ற பொருளில் சிக்கல் இன்னும் ஆழம். சுண்ணாம்பு சேர்த்து வறுத்ததால் அது கடுமையான காரம். குரோமியத்தை இறக்க மலிவாகக் கிடைப்பது பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இதே வகைச் சக்கையை நிலம் நிரப்பப் பயன்படுத்திய நியூஜெர்சியின் ஹட்சன் கவுன்டியிலும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். காரத்தில் இரும்பு உடனே படிந்துவிடுவதால் சக்கைத் துகளின் உள்ளே இருக்கும் குரோமியத்தை அது எட்டுவதில்லை. மேற்பரப்பு சுத்தமானதுபோலக் காட்டும், பிறகு உள்ளிருந்து மெல்ல மறுபடி கசியும். போதாததற்கு சல்பேட் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற கனிமம் உண்டாகி நிலமே உப்பிவிடும். மேலே கட்டியது விரிசல் விடும். இப்படிப்பட்ட மேட்டில் முதல் வேலை மழை உள்ளே போகாமல் தடுப்பது: மூடாக்கு, சுற்றிலும் வடிகால், மஞ்சள் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க ஒரு நிலையம். ஊற்று நிற்காமல் ப்ளூமில் மருந்து போடுவது திறந்த குழாயின் கீழே தரையைத் துடைப்பதுதான்.

எதைப் படிப்பது

அடிப்படைக்கு ஃப்ரீஸும் செர்ரியும் 1979-இல் எழுதிய "கிரவுண்ட்வாட்டர்" நூலை இன்னும் மிஞ்ச ஆளில்லை. இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. 2020-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது பெற்ற ஜான் செர்ரி, கிரவுண்ட்வாட்டர் ப்ராஜெக்ட் என்ற பெயரில் சிறு சிறு நூல்களையும் இலவசமாக வெளியிட வழிசெய்திருக்கிறார். கணக்குக்குப் பயந்தவர்கள் அங்கே தொடங்கலாம். வகுப்பாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் புவிச்சூழல் பொறியியல் பாடங்கள் உள்ளன. ராய்ப்பூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய நிலத்தடி நீர்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பயிற்சிக் கூடம். அரசுத் துறையில் இருப்பவர்கள் விசாரித்துப் போய் வரலாம்.

சுத்திகரிப்பு முறைகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் க்ளூ-இன் தொகுப்பு பெரிய களஞ்சியம். குரோமியம்-6, பாதரசம், ஆர்சனிக் என்று மாசுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய இணைய வகுப்புகளின் பதிவும் கிடைக்கும். அமெரிக்க மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் ஐ.டி.ஆர்.சி.யின் வழிகாட்டிகளில் நம்மூர் ஆட்கள் முதலில் எடுக்க வேண்டியது வெடிப்புப் பாறை பற்றியது. மற்றவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை மணல் நிலத்தையும், தாராளமாகப் போட்ட கண்காணிப்புக் கிணறுகளையும், பில் கட்ட ஒரு கம்பெனியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நிலத்தடி நீரோட்டத்தைக் கணித்துக் காட்டும், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மோட்ஃப்ளோ மென்பொருளும் இலவசம்தான். ஆனால் இரண்டு பருவத்து நீர்மட்டம் கையில் இல்லாமல் அதைத் திறப்பது வண்ணப்படம் போடத்தான் உதவும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விடப் பயனுள்ள வாசிப்பு வேறு. அமெரிக்காவில் 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, மாசை மிச்சம் வைத்துவிட்டு முடித்த இடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். அந்த ஐந்தாண்டு மறுஆய்வுகளில் எது வேலை செய்யவில்லை, எந்த வருஷம் குழாய் அடைத்தது, எதிர்பார்த்தது எத்தனை ஆண்டு, ஆனது எத்தனை ஆண்டு என்று வரிசையாக இருக்கும். விளம்பரத் தாளில் வராத விஷயம் அத்தனையும் அங்கே உண்டு. நான்கைந்து படித்தாலே விற்பனையாளரின் பேச்சு வேறு மாதிரி காதில் விழும்.

நம் நாட்டு ஆவணங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசுபட்ட இடங்களுக்கான வழிகாட்டிகள் இருக்கின்றன. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. அதன்படி மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை அரையாண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அதன்மேல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வைச் செய்ய வேண்டும். கதிரியக்கம், சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, ஊர்க் குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள். உங்கள் கிணற்று எண்கள் போக வேண்டிய முதல் முகவரி ஆட்சியர் அலுவலகம்தான். மனுவோடு மூன்றை இணையுங்கள்: கிணறுகளைக் குறித்த ஒரு வரைபடம், தேதியோடு நீர்மட்ட அட்டவணை, கையெழுத்துத் தாளோடு கூடிய லேப் ரிப்போர்ட். அசலைக் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்து, அலுவலக முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 90 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது அந்த ரசீது வேண்டியிருக்கும்.